வான்கோழி எலும்பிலிருந்து கருவிழி வரை: நடக்காமல் போன ஒரு லேசர் சிகிச்சையின் நிகழ்வு ஆய்வு

கண் மருத்துவர் என் கோப்பின் பின்பக்கத்தில் ஒரு கழித்தல் கணக்குப் போட்டுக் காட்டினார். 460. அதில் 110 போக, இன்னும் 96 போக, மீதி 254. அடியில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பேனாவை மூடினார். "கணக்கு பாஸ்தான். ஆனாலும் உங்களுக்கு லேசர் வேண்டாம்."

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டு. ஆறாம் வகுப்பிலிருந்தே 'சோடாபுட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கண் விழித்ததும் முதல் வேலை தலைமாட்டைத் தடவிக் கண்ணாடியைத் தேடுவது. முப்பது வயதில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், இந்தத் தடவலுக்கு ஒரு முடிவு கட்டலாம் என்று போனேன். வேண்டாம் என்றால் கோபம் வராதா? காரணம் கேட்டேன். கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான படலத்தின், வளைவை நிறங்களாகக் காட்டும் வரைபடம். நடுவில் பச்சையும் மஞ்சளும் இருக்க, கீழ்ப்பக்கத்தில் மட்டும் சிவப்பு கொஞ்சம் வழிந்திருந்தது.

"இது கூம்பா மாறலாம், மாறாமலும் போகலாம். இதுல நான் கை வைக்க மாட்டேன். நீங்க கண்ணைக் கசக்குவீங்களா?"

கசக்குவேன். சின்ன வயதிலிருந்தே. அம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோன பழக்கம் அது.

வீட்டுக்கு வந்து, அந்த 96 எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடிக்கொண்டே போனால் அது ஒரு வான்கோழி எலும்பில் போய் நின்றது. அந்த எலும்பைக் கொண்டுபோனவர் சென்னையில் பிறந்தவர்.

மிச்சக் கறி

1981 நவம்பர் 27, வெள்ளிக்கிழமை. முந்தைய நாள் அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாள். வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து. தீபாவளிக்கு மறுநாள் நம் அடுக்களையில் மிச்சம் மீதி கிடப்பதுபோல அன்று அங்கே வான்கோழி மிஞ்சிக் கிடக்கும். நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள, கணினி நிறுவனமான ஐ.பி.எம்.மின் ஆய்வகத்துக்கு ரங்கசாமி சீனிவாசன் அந்த மிச்சத்தில் கொஞ்சம் எடுத்துப் போனார்.

சீனிவாசன் 1929இல் மதராஸில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, கலிபோர்னியாவில் முனைவர் பட்டம் வாங்கி, 1961இல் ஐ.பி.எம்.மில் சேர்ந்தார். புறஊதா ஒளி பட்டால் மூலக்கூறுகளுக்கு என்ன ஆகிறது என்பதே அவருடைய வாழ்நாள் வேலை. ஐ.பி.எம். வைத்திருந்த, புறஊதா ஒளியைத் துடிப்பு துடிப்பாக விடும் எக்சைமர் லேசரை ஒரு பிளாஸ்டிக் படலத்தின் மேல் காட்டியபோது, ஒளி பட்ட இடம் மட்டும் உளியால் செதுக்கியதுபோலப் பள்ளமாவதை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். சரி, பிளாஸ்டிக்கில் நடப்பது சதையில் நடக்குமா? அவரும், துறையின் மேலாளர் ஜேம்ஸ் வின்னும், சக ஆய்வாளர் சாமுவேல் பிளமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

193 நானோமீட்டர் அலைநீளத் துடிப்புகளை வான்கோழியின் குருத்தெலும்பின் மேல் விட்டார்கள். சுத்தமான வெட்டு, ஓரம் கருகவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க 532 நானோமீட்டர் பச்சை லேசரையும் விட்டார்கள். அது அடுப்பில் விழுந்த கறித்துண்டு மாதிரி கருக்கிவிட்டது.

வித்தியாசம் எங்கே? பச்சை லேசர் சதையைச் சூடாக்கும். சூடு பக்கத்துத் திசுவுக்கும் பரவும். ஆனால் 193 நானோமீட்டர் ஒளியின் ஒவ்வொரு துகளிலும் 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. புரதத்தின் கார்பன் பிணைப்புகளை அறுக்க அதுவே தாராளம். துடிப்பு நீடிப்பது நொடியின் பத்துக் கோடியில் ஓரிரு பங்கு நேரம்தான். அதற்குள் பிணைப்பறுந்த துணுக்குகள் வெடித்துக் கிளம்பி, வந்த ஆற்றலையும் தங்களோடு சுமந்துகொண்டு போய்விடுகின்றன. கீழே இருக்கும் திசுவுக்கு நடந்தது தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கருவிழியில் ஒரு துடிப்பு எடுப்பது சுமார் கால் மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. என் கணக்கில் வந்த 96 மைக்ரான் என்றால், நடுப்பகுதியில் ஏறத்தாழ 400 அடுக்கு சீவ வேண்டும்.

ஒரு தலைமுடியில் வரிசையாகப் பள்ளங்கள் வெட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவர்கள் எடுத்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. கணினிச் சில்லுக்காக வாங்கிய கருவி மருத்துவர்களின் கண்ணில் பட்டது அப்படித்தான்.

கத்தி வைத்த காலம்

முதலில் ஒரு சின்னச் சோதனை. கிணற்றிலோ குளத்திலோ முங்கிக் கண்ணைத் திறந்து பாருங்கள். நல்ல பார்வை உள்ளவருக்கும் எல்லாம் மங்கல்தான். ஒளியை வளைப்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் என்றுதான் பலர் நினைக்கிறோம். உண்மையில் கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர் (கண்ணாடியின் 'பவர்' என்று சொல்வதும் இந்த அளவைத்தான்). அதில் 43 கருவிழியின் பங்கு. காற்றிலிருந்து கருவிழிக்குள் நுழையும் இடத்தில்தான் ஒளி நன்றாக வளைகிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் அந்த வளைவு கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். நீச்சல் கண்ணாடி கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை அடைத்து வைத்து அதைத் திருப்பித் தருகிறது. ஆகவே பார்வையைத் திருத்த ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் முன்வாசலில் நிற்கும் கருவிழியைத்தான் குறிவைத்தார்கள்.

ஜப்பானில் சுடோமு சாடோ 1940களிலும் 50களிலும் கருவிழியில் கீறல் போட்டு நூற்றுக்கணக்கானவர்களின் கிட்டப்பார்வையைக் குறைத்தார். வெளிப்பக்கம் மட்டுமல்ல, உட்பக்கத்திலிருந்தும் கீறினார். உட்பக்கத்தில் இருக்கும் ஓரடுக்குச் செல்கள்தான் கருவிழியிலிருந்து நீரை இறைத்து வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. செத்தால் மறுபடி முளைக்காது. இது அன்றைக்குச் சரியாகப் புரிந்திருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்தக் கண்கள் ஒவ்வொன்றாக நீர்கோத்து வெளுத்தன.

கொலம்பியாவின் பொகோட்டாவில் ஹோசே பாராகேர் வேறு வழியில் போனார். கருவிழியில் ஒரு வட்டத்தைச் சீவி எடுத்து, உறையவைத்து, கடைசல் இயந்திரத்தில் கடைந்து, திரும்பத் தைத்தார். கேட்கவே முதுகு சிலிர்க்கிறது. ஆனால் கண்ணாடியில் செய்வதைக் கருவிழியிலேயே செய்யலாம் என்ற யோசனைக்கு அவர்தான் சொந்தக்காரர்.

மாஸ்கோவில் ஸ்வியதோஸ்லாவ் ஃபியோதரோவ் 1970களில் சாடோவின் கீறலை வெளிப்பக்கத்தோடு நிறுத்தி, ஆரக்கால் போலப் போட்டார். நோயாளிகளைத் தொழிற்சாலைப் பட்டைபோல நகரும் படுக்கைகளில் வரிசையாக அனுப்பியவர் அவர். முறை அமெரிக்காவிலும் பரவியது. அங்கே பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1994இல் வெளியானபோது, 43 சதவீதக் கண்கள் ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்திருந்தன. கீறிய கருவிழி நின்ற இடத்தில் நிற்கவில்லை.

இதற்கு எவரெஸ்டில் ஒரு சாட்சி உண்டு. டெக்சாஸ் மருத்துவர் பெக் வெதர்ஸ் இந்தக் கீறல் சிகிச்சை செய்துகொண்டவர். 1996 மே 10 அன்று உச்சியை நோக்கி ஏறும்போது அவருடைய பார்வை மங்கிக்கொண்டே போனது. கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது. காற்றிலிருந்துதான் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அவ்வளவு உயரத்தில் அது கிடைக்காமல் வீங்கி, கீறிய இடங்கள் நெகிழ்ந்து, வடிவம் மாறிவிட்டது. அவர் மேலே போகாமல் பாதியில் நின்றார். அப்புறம் வந்த புயலில் செத்துவிட்டார் என்று இருமுறை கைவிடப்பட்டு, எழுந்து நடந்து முகாமுக்கு வந்து சேர்ந்தது தனிக்கதை. உறைபனியில் ஒரு கையையும் மூக்கையும் இழந்தார்.

கத்தியிலிருந்து சீவுளிக்கு

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் 1983இல் யார்க்டவுன் ஹைட்ஸுக்கு வந்தார். மாட்டுக் கண்களை வைத்து சீனிவாசனோடு சேர்ந்து சோதித்தார். கட்டுரை அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. ஆரம்பத்தில் லேசர் என்பது கத்திக்குப் பதில் இன்னும் நேர்த்தியான கத்தி என்ற அளவில்தான் யோசித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேறொன்று புலப்பட்டது: கால் மைக்ரான் கால் மைக்ரானாக எடுக்க முடியுமென்றால் எதற்குக் கீற வேண்டும்? மேற்பரப்பையே சீவி வளைவை மாற்றிவிடலாமே. இந்தத் துறையில் நடந்த பெரிய தாவல் எது என்று கேட்டால் கருவியைவிட இந்த எண்ண மாற்றத்தைத்தான் நான் சொல்வேன்.

எவ்வளவு சீவுவது? சார்லஸ் மனர்லின் தந்த சூத்திரம் பள்ளிக்கூடத்துக் கணக்கு மாதிரி எளிது. சீவும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்துங்கள், பவரால் பெருக்குங்கள், மூன்றால் வகுங்கள். 6 மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒரு டயாப்டருக்கு 12 மைக்ரான் வரும். மைனஸ் ஆறு உள்ளவருக்கு 72 மைக்ரான்: ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. எனக்கு எட்டு பன்னிரண்டு 96.

1988இல் நியூ ஆர்லியன்ஸில் மார்கெரிட் மக்டொனால்ட், பார்வையுள்ள ஒரு மனிதக் கண்ணில் முதன்முதலாக இந்தச் சீவலைச் செய்தார். அந்தக் கண் அறுபதைக் கடந்த ஒரு பெண்ணுடையது. புற்றுநோயால் கண்ணை எடுத்தே ஆக வேண்டிய நிலை. எடுப்பதற்கு முன் அதில் சோதித்துப் பாருங்கள் என்று அவரே முன்வந்தார். சில நாள்களில் அந்தக் கண் எடுக்கப்பட்டது. காயம் எப்படி ஆறுகிறது என்பது அதில் தெரிந்தது. இந்த நிகழ்வில் ஒருவரைக் கும்பிட வேண்டுமானால் நான் அவரைத்தான் கும்பிடுவேன். சீனிவாசன், வின், பிளம் மூவரும் 2013இல் அதிபர் ஒபாமா கையால் தேசியப் பதக்கம் வாங்கினார்கள்; அதற்கும் தகுதியானவர்களே.

அமெரிக்காவில் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது 1995இல். மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுச் சீவும் அந்த முதல் முறையில் சில நாள் நல்ல வலி இருக்கும். கிரேக்கத்தின் கிரீட் தீவில் இயோன்னிஸ் பாலிகாரிஸ், பாராகேரின் சீவலையும் லேசரையும் சேர்த்து, கருவிழியில் ஒரு மெல்லிய மடலை வெட்டித் திறந்து, அடியில் லேசரைப் பாய்ச்சி, மடலை மூடினார். லாசிக் இதுதான். வலி குறைவு; மறுநாளே பார்வை. கூட்டம் இதன் பின்னால் போனதில் ஆச்சரியமில்லை.

மடலை வெட்ட முதலில் சவரக்கத்தி போன்ற கருவி இருந்தது. இப்போது பெரும்பாலும் மிக மிகக் குறுகிய துடிப்புகளை விடும் ஃபெம்டோ லேசர். அதன் பிறப்பும் ஒரு விபத்துதான். 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மூரூவின் ஆய்வகத்தில் ஒரு மாணவரின் கண்ணில் லேசர் பட்டுவிட்டது. பரிசோதித்த இளம் மருத்துவர் ரான் கர்ட்ஸ், விழித்திரையில் இருந்த காயங்கள் அவ்வளவு துல்லியமாக இருப்பதைப் பார்த்து, எந்த லேசர் இது என்று விசாரிக்கப் போனார். மூரூவுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது, இந்த லேசர் துடிப்புகளை உருவாக்கிய முறைக்காக.

படுத்தவர்கள் சொன்னது

எனக்குக் கிடைக்காவிட்டாலும் செய்துகொண்ட நண்பர்கள் நாலைந்து பேர் உண்டு. எல்லோரும் முதலில் சொல்வது, "கருகின வாடை வந்துச்சுடா." முடி பொசுங்கிய மாதிரி என்பார்கள். கண் எரிகிறது என்று ஒருவன் பயந்தே போனான். எதுவும் எரியவில்லை, பிணைப்பறுந்து பறக்கும் புரதத் துணுக்குகளின் வாசனை அது. டக் டக் என்ற சத்தமும் அவை தெறிக்கும் சத்தந்தான்.

சிமிட்டிவிட்டால்? சிமிட்ட முடியாது, இமையைக் கிளிப் போட்டுத் திறந்து வைத்திருப்பார்கள். கண்ணை அசைத்தால் கருவி பின்தொடரும். அதிகம் அசைந்தால் லேசர் தானே நின்றுவிடும். உற்றுப் பார்க்கச் சொல்லும் மின்னும் விளக்கு லேசர் அல்ல, பார்வையை நிறுத்திவைக்கும் வெறும் விளக்கு. 193 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கே தெரியாது. கருவிழியின் மேற்புறத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் விழித்திரை வரை போகவும் போகாது.

மடல் வெட்டும்போது சில நொடிகள் எல்லாம் இருண்டுவிடும். உறிஞ்சும் வளையத்தைக் கண்மேல் வைப்பதால் உள்ளழுத்தம் ஏறி, விழித்திரைக்கு ரத்தம் தற்காலிகமாகத் தடைபடும். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர்களை எனக்குப் பிடிக்காது.

இரவில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்பது அடுத்த புகார். இது கரும்பலகை தெரியாத பையன் கண்ணை இடுக்கிப் பார்ப்பதன் மறுபக்கம். இடுக்கும்போது ஒளி நடுவழியாக மட்டும் நுழைகிறது, மங்கல் குறைகிறது. ஒரு காகிதத்தில் ஊசியால் துளை போட்டுப் பார்த்தாலும் அதே பலன்தான். இரவில் நேர்மாறாகக் கண்பாவை விரிகிறது. சீவிய வட்டத்தின் ஓரம் வழியாகவும் ஒளி நுழைந்து சிதறுகிறது. தொடக்க காலத்தில் வட்டம் சிறிதாக இருந்ததால் தொல்லை அதிகம். இப்போதும் இல்லாமல் போகவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வு 2017இல் வெளிவந்தது. முன்பு இப்படிப்பட்ட தொந்தரவே இல்லாதவர்களில் 43 முதல் 46 சதவீதம் பேருக்கு மூன்றாம் மாதத்தில் ஒன்றாவது புதிதாக வந்திருந்தது. அதே ஆய்வில் பெரும்பாலானோர் பார்வையில் திருப்தி என்றும் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம். மடல் வெட்டும்போது நரம்புகளும் அறுபடுவதால் கண் வறட்சியும் பலருக்குச் சில மாதங்கள் இருக்கும்.

இன்னொன்று, நாற்பதைத் தாண்டியவர்கள் கவனிக்க. எங்கள் பாட்டிக்குக் கிட்டப்பார்வை. எண்பது வயதிலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஊசியில் நூல் கோப்பார். ஊரே அதிசயமாகப் பேசும். அதிசயம் ஒன்றுமில்லை. வெள்ளெழுத்து வருவது உள் லென்ஸ் விறைத்துப்போவதால். கிட்டப்பார்வைக்காரரின் கண்ணோ ஏற்கெனவே பக்கத்துக்கு முடுக்கிவைத்த கண். லேசரில் தூரத்தைச் சரிசெய்துகொண்டால் இந்தச் சலுகை போய்விடும். எல்லோரையும்போல நாற்பத்தைந்தில் படிக்கக் கண்ணாடி வாங்க வேண்டும். இதைத் தோற்றுப்போன சிகிச்சை என்று நினைத்துச் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைப் பக்கத்துக்கும் வைப்பது ஒரு வழி. அது எல்லோருடைய மூளைக்கும் ஒத்துவராது.

மறுபடி கழித்தல்

இப்போது என் கோப்பு. 460 மைக்ரான் என் கருவிழியின் தடிமன்; சராசரி சுமார் 540. 110 மடலுக்கு. மூடிய மடல் பார்க்க ஒட்டிக்கொண்டதுபோல இருந்தாலும் பாரம் தாங்காது. எனவே அதைத் தடிமன் கணக்கிலிருந்தே கழித்துவிடுகிறார்கள். 96 லேசருக்கு. மீதி குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. நான்கு மைக்ரானில் நான் தேறியிருந்தேன்.

ஆனால் 1998இல் ஜெர்மனியைச் சேர்ந்த தியோ சைலர், லாசிக் செய்த சில கண்களில் கருவிழி மெலிந்து முன்னால் பிதுங்குவதை எழுதினார். அதற்குப் பிறகு தடிமன் மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று. சில கருவிழிகளில் இழைகளின் கட்டுமானமே பலவீனமாக இருக்கும். அவை தாமாகவே கூம்பாகிவிடக்கூடும். தெற்காசியர்களிடம் இது அதிகம். கண் கசக்குவது அதை முடுக்கிவிடும். அப்படிப்பட்ட கருவிழியைச் சீவினால், சாய ஆரம்பித்த சுவரில் செங்கல் உருவின கதைதான். என் படத்தின் கீழே வழிந்திருந்த சிவப்புக்கு அர்த்தம் இதுவாக இருக்கலாம் என்பதுதான் மருத்துவரின் சந்தேகம்.

செய்துகொண்டவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகளைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்குக் கண்புரை வந்து லென்ஸ் வைக்கும்போது, சீவிய கருவிழியில் வழக்கமான கணக்கு தப்பும். கண் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அப்புறம், கிட்டப்பார்வையில் கண்கோளமே நீண்டிருக்கும். லேசர் அதைக் குட்டையாக்குவதில்லை. மைனஸ் எட்டுக்காரருக்கு விழித்திரை பிரியும் அபாயம் கண்ணாடி போன பிறகும் அப்படியே இருக்கும்.

உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸ் பற்றியும் மருத்துவர் சொன்னார். யோசிக்கலாம் என்று வந்துவிட்டேன். போன மாதம் மூன்றாவது வருடப் படம் எடுத்தார்கள். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிவப்பு அதே இடத்தில், அதே அளவில். தடிமன் 458 என்று வந்திருந்தது. "ரெண்டு மைக்ரான் மெஷினோட ஊசலாட்டம், பயப்படாதீங்க. கசக்குறதை விட்டீங்களா?" என்றார். பகலில் விட்டுவிட்டேன், தூக்கத்தில் தெரியவில்லை என்றேன். அதையும் கோப்பில் எழுதிக்கொண்டார்.